சன்னலோரம் யாருக்கு?



நவம்பர் மாதம் நம்ம ஆலயத்திலிருந்து புறப்படுகிற பசுபதிநாத், முக்திநாத் யாத்திரைக்குப் பேர் கொடுத்தவர்கள் ஒரு வாரமாகப் புலனத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கீங்க. குளிர் எப்படி, சாப்பாடு எப்படின்னு கேட்டவங்க ரெண்டு மூணு பேர்தான். மற்ற எல்லாரும், "அண்ணே, இமயமலை எந்தப் பக்கம் தெரியும்? எந்த சீட்டு எடுக்கணும்?"

ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் எழுதி விரல் வலிக்குது. அதனால மொத்தமா இங்கே எழுதிடறேன். கொஞ்சம் நீளம்தான். பசியாறிட்டு உட்கார்ந்து படிங்க. சீட்டு விவரம் மட்டும் வேணும்னா நடுவில் இருக்கு. ஆனா முழுசா படிச்சீங்கன்னா, சீட்டு பிரிக்கிற விஷயத்துல நான் ஏன் இவ்வளவு கறாரா இருக்கேன்னு புரியும்.

நம்ம குழு முதன்முதலா நேபாளம் போனது 2018 மார்ச், பள்ளி விடுமுறையில். மொத்தம் 32 பேர். எனக்கும் அதுதான் முதல் தடவை. குழுத் தலைவர்னு பேரு, ஆனா எனக்கே ஒண்ணும் தெரியாது. கடப்பிதழ் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னது மட்டும் ஞாபகம் இருக்கு.

அந்தக் குழுவில் நம்ம பூக்கட்டுற பாட்டியும் இருந்தாங்க. பேரைச் சொல்லல. நம்ம ஆலயத்துக்குப் பல வருஷமா வர்றவங்களுக்குச் சொல்லாமலே தெரியும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அம்மன் சன்னதிக்கு இடப்பக்கம் இருக்கிற தூணில் சாய்ஞ்சு உட்கார்ந்து, மடியில வாழைநாரும் முன்னால மல்லியும் வெச்சுக்கிட்டுக் கட்டிக்கிட்டே இருப்பாங்களே, அவங்கதான். பதினாலு வயசுல பால் மரம் வெட்டத் தொடங்கினவங்க. விடியறதுக்கு முன்னால பெரட்டுக்கு நின்னு, நெத்தியில விளக்கு கட்டிக்கிட்டு வெட்டுக்குப் போனவங்க. தோட்டத்தை வித்ததும் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தாங்க. அங்கே மண்ணே இல்லைன்னு ஆலயத்துக்கு வந்து உட்கார்ந்துட்டாங்க.

அவங்க யாத்திரைக்குக் கட்டின பணம் கூட்டு போட்டுச் சேர்த்தது. மாசம் அம்பது வெள்ளின்னு கட்டி, கடைசி ஆளா எடுத்தது. கொண்டு வந்து என் கையில குடுக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "தம்பி, கைலாசம் தெரியுமா?"

"இல்லை பாட்டி. கைலாசம் திபெத் பக்கம். நம்ம போற இடத்திலிருந்து ரொம்ப தூரம். ஆனா இமயமலை தெரியும்."

"அப்ப அவரு வீட்டு வாசலாவது தெரியுமில்ல. அது போதும்."

சிப்பாங் விமான நிலையத்தில் குழுவுக்கான போர்டிங் பாஸ் மொத்தத்தையும் கட்டா என் கையில குடுத்தாங்க. நான்தான் பிரிச்சுக் குடுக்கணும். முதல் நாள் ராத்திரி கொஞ்சம் படிச்சு வெச்சிருந்ததால, போகும்போது வலப்பக்கம்தான் மலை தெரியும்னு எனக்குத் தெரியும். அந்தக் கட்டில் வலப்பக்க சன்னலோரம் நாலே நாலு இருந்துச்சு. குடும்பமா வந்தவங்களுக்கு மூணு குடுத்தேன். நாலாவதை, 14எஃப், நானே வெச்சுக்கிட்டேன். ஆலயப் பக்கத்துல போட நல்ல படம் வேணுமில்லையா, அதனாலன்னு மனசுக்குள்ள ஒரு காரணமும் சொல்லிக்கிட்டேன். பாட்டிக்கு 15பி. இடப்பக்கம், நடு இருக்கை.

விமானம் மேலே ஏறும்போது செம்பனை மரமெல்லாம் சீப்பு போட்டு வாரின மாதிரி வரிசை வரிசையா தெரிஞ்சுது. பாட்டி எட்டி எட்டிப் பார்த்தாங்க. அவங்க பக்கத்துல சன்னலோரம் இருந்த பையன் காதுல எதையோ மாட்டிக்கிட்டு, கொஞ்ச நேரத்துல சன்னல் மூடியை இழுத்து விட்டுட்டுத் தூங்கிட்டான். நம்ம குழு ஆள் இல்லை அவன். பாட்டியும் எழுப்பல.

நாலு மணி நேரத்துக்குப் பிறகு, இறங்க இன்னும் அரை மணிக்கு மேல இருக்கும்போது, விமானி வலப்பக்கம் இமயமலை தெரியுதுன்னு அறிவிச்சாரு. வலப்பக்கம் இருந்தவங்க எல்லாம் "அரகர"ன்னு சத்தம் போட்டுட்டாங்க. இடப்பக்கம் இருந்தவங்க எழுந்து நின்னாங்க. விமானம் கொஞ்சம் ஆடுச்சு. இருக்கை வார் விளக்கு எரிய, பணிப்பெண் வந்து எல்லாரையும் உட்காரச் சொல்லிட்டாங்க. பாட்டியும் உட்கார்ந்துட்டாங்க. உட்கார்ந்த இடத்துலேர்ந்தே என்னைக் கூப்பிட்டாங்க.

"தம்பி, தெரியுதா?"

"தெரியுது பாட்டி! வெள்ளை வெளேர்னு!"

"எப்படி இருக்கு?"

நான் கைப்பேசியை உயர்த்தி, எடுத்த படத்தைத் தூரத்திலேர்ந்து காட்டினேன். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னேன். "இறங்கினப்புறம் நேர்லயே நல்லா பார்க்கலாம் பாட்டி."

இருக்கை வார் விளக்கு எரியறதுக்கு முன்னால, அறிவிப்பு வந்த அந்த ஒரு நிமிஷத்துல, நான் எழுந்து, "பாட்டி, இங்க வந்து உட்காருங்க"ன்னு சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரிசைதான் பின்னால. பத்து அடி எடுத்து வைக்க வேண்டிய தூரம்கூட இல்லை.

இறங்கினப்புறம் மலை தெரியல. காட்மாண்டு ஒரு பள்ளத்தாக்கு. சுத்திப் பச்சை மலைங்க நிக்குது. விமானம் தாழ்ந்து வர வர அந்த மலைங்க பனிமலையை மறைச்சிடும். அதோட மார்ச், ஏப்ரல்ல அந்தப் பக்கம் காட்டுத் தீப் புகையும் தூசியும் சேர்ந்து வானமே மங்கிக் கிடக்கும். மேலே பறக்கும்போது அந்தப் புகைக்கு மேல இருக்கோம், அதனால தெரியும். கீழே வந்துட்டா அதுக்குள்ளே இருக்கோம். இதெல்லாம் பிற்பாடு தெரிஞ்சுக்கிட்டது.

பசுபதிநாதரை நல்லா தரிசனம் பண்ணினாங்க. போக்கராவில் ரெண்டு நாள் இருந்தோம். ஏரிக்கு மேல மலை இருக்க வேண்டிய இடத்துல சாம்பல் நிறத்துல ஒரு திரைதான் இருந்துச்சு. முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல. பாட்டிக்கு இரத்த அழுத்தம் ஏறியிருந்ததால மருத்துவர் போக வேணாம்னுட்டாரு. துணைக்கு ஒருத்தரை வெச்சு அவங்களைப் போக்கராவிலேயே விட்டுட்டு நாங்க மேலே போனோம். திரும்பி வந்தப்போ 108 தாரை தீர்த்தத்தை ஒரு புட்டியில கொண்டுவந்து குடுத்தேன். தலையில தெளிச்சுக்கிட்டாங்க. ஊருக்குத் திரும்பின விமானம் ராத்திரி. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் இருட்டுதான்.

ஆக, அந்தப் பயணம் முழுக்க பாட்டி இமயமலையைப் பார்க்கவே இல்லை. அவங்களுக்குக் கிடைச்சிருக்கக்கூடியது அந்த அரை மணி நேரம் ஒண்ணுதான். அது என் சட்டைப் பையில இருந்துச்சு.

ஒரு வார்த்தை குறை சொல்லல. அந்தப் படத்தை மட்டும் பேத்தி கைப்பேசிக்கு அனுப்பி வைன்னாங்க. அனுப்பினேன்.

மறு வருஷம் பாட்டி தவறிட்டாங்க. கருமகாரியத்துக்கு அவங்க வீட்டுக்குப் போனேன். சாமி மேடையில மாரியம்மன், முருகன், பிள்ளையார் படத்தோட வரிசையில நாலாவதா ஒரு படம். நான் எடுத்தது. அச்சடிச்சுச் சட்டம் போட்டிருந்தாங்க. பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிஞ்சுது, ஏன்னா படத்துல பாதிக்கு மேல விமானத்தோட இறக்கைதான். மேல் மூலையில சின்னதா வெள்ளையா மலை. அந்த மலை மேல சந்தனமும் குங்குமமும் வெச்சிருந்துச்சு.

பேத்தி சொல்லுச்சு, "பாட்டி இதுக்கும் சேர்த்துத்தான்ணே தினமும் விளக்கு காட்டுவாங்க. கைலாச வாசல்னு சொல்வாங்க."

நான் 14-ஆம் வரிசையைப் பிடிச்சு வெச்சுக்கிட்டேனே, அது சரியா இறக்கைக்கு மேல இருக்கிற வரிசை. அவங்களுக்கும் குடுக்கல. நானும் ஒழுங்கா பார்க்கல.

சரி, இப்போ விவரத்துக்கு வர்றேன்.

முதல்ல திசை. கோலாலம்பூரிலிருந்து காட்மாண்டு வடமேற்கே இருக்கு. விமானத்தோட மூக்கு வடமேற்கைப் பார்த்துப் போகும்போது, வலது கைப் பக்கம் வடகிழக்கு. இமயமலை நேபாளத்தோட வடக்கு எல்லையில கிழக்கு மேற்கா நீளமா கிடக்கு. அதனால போகும்போது வலப்பக்கம், பகல்ல திரும்பினா இடப்பக்கம். சிங்கப்பூரிலிருந்து சேர்ந்துக்கிறவங்களுக்கும் இதே கணக்குதான். டில்லி வழியா வர்றவங்களுக்கு மட்டும் தலைகீழ். அவங்க மேற்கிலிருந்து கிழக்கே வர்றதால போகும்போது இடப்பக்கம். யாரு எந்த ஊர்லேர்ந்து வந்தாலும் மனசுல வெக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: வடக்கு எந்தக் கைப் பக்கம்?

அடுத்து எழுத்து. முன்னால பார்த்து உட்கார்ந்தா இடக்கோடி சன்னல் ஏ. பக்கத்துக்கு மூணு இருக்கை உள்ள விமானத்தில் வலக்கோடி எஃப். நடைபாதை ரெண்டு உள்ள பெரிய விமானத்தில் வலக்கோடி பெரும்பாலும் கே. பதிவு பண்ணும்போது இருக்கைப் படத்தைத் திறந்து பார்த்து உறுதி பண்ணிக்குங்க.

மூணாவது இறக்கை. மூணு மூணு இருக்கை விமானத்தில் ஏறக்குறைய 10-ஆம் வரிசையிலிருந்து 20 வரைக்கும் இறக்கை கண்ணை மறைக்கும். விமானத்துக்கு விமானம் இது கொஞ்சம் மாறும். இறக்கைக்கு முன்னால கிடைச்சா நல்லது. பின்னால உட்கார்ந்தாலும் தெரியும், ஆனா இயந்திரத்திலேர்ந்து வர்ற சூட்டுக் காத்து படும் இடத்துல மலை நெளியற மாதிரி இருக்கும், படம் தெளிவா வராது. அதனால பின்னால எடுத்தா நல்லா பின்னாலயே எடுங்க. இன்னொண்ணு, சில விமானத்துல ஒண்ணு ரெண்டு வரிசைக்குச் சன்னலோர எண் இருக்கும், போய்ப் பார்த்தா வெறும் சுவருதான் இருக்கும். குளிர்காத்துக் குழாய் அந்த வழியா போறதால அங்கே சன்னல் வெக்கமாட்டாங்க. அவசரக் கதவு வரிசையைப் பெரியவங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தரமாட்டாங்க, அதை எடுத்துட்டு அங்கே போய் மல்லுக்கட்டாதீங்க.

நாலாவது நேரம். பகல்ல இறங்குற விமானமா இருக்கணும். அக்டோபர், நவம்பர்ல மழை முடிஞ்சு வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும். அதனாலதான் நம்ம யாத்திரையை மார்ச்சிலிருந்து நவம்பருக்கு மாத்தினோம். அந்த மாசத்துல சூரியன் தெற்கே சாய்ஞ்சு இருக்கும், மலை வடக்கே. அதனால வெளிச்சம் உங்க கண்ணுல அடிக்காது, மலை மேல அடிக்கும். இறங்குறதுக்குச் சுமார் நாப்பது நிமிஷம் இருக்கும்போதே சன்னல் மூடியைத் திறந்து வெச்சிடுங்க.

எங்கே பார்க்கணும்னு தெரியாம கோட்டை விட்டவங்களும் இருக்காங்க. மலைன்னா கீழே இருக்கும்னு நினைச்சுக் குனிஞ்சு பார்ப்பாங்க. அப்படி இல்லை. நாம பறக்கிறது பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்துல. எவரெஸ்ட் 8,848.86 மீட்டர். நேபாளமும் சீனாவும் சேர்ந்து 2020-ல் அறிவிச்ச அளவு அது. தூரத்துல பார்க்கும்போது அது கிட்டத்தட்ட உங்க கண்ணுக்கு நேரா நிக்கும். முதல்ல மேகம்னுதான் தோணும். ஒரு நிமிஷம் உத்துப் பாருங்க. மேகம் உருவம் மாறும். மாறாம அப்படியே நின்னா அதுதான் மலை.

வரிசையையும் சொல்லிடறேன். வலப்பக்கம் முதல்ல வர்றது காஞ்சன்ஜங்கா, 8,586 மீட்டர், உலகத்துல மூணாவது உயரம். அது தனியா, அகலமா உட்கார்ந்திருக்கும். அப்புறம் மக்காலு, லோட்சே, எவரெஸ்ட் மூணும் ஒரு கூட்டமா வரும். எவரெஸ்டை நேபாளிகள் சாகர்மாதான்னு சொல்வாங்க. அதுக்கும் அப்புறம், காட்மாண்டுவுக்குக் கொஞ்சம் கிட்டத்துல, ரெட்டைத் தலையோட ஒரு மலை. 7,134 மீட்டர். பேரு கௌரிசங்கர். உயரமான வடக்குத் தலை சங்கரன், தெற்குத் தலை கௌரி. நேபாளத்துக் கடிகாரமே அந்த மலை வழியா போற தீர்க்கரேகையை வெச்சுத்தான். அதனாலதான் நம்ம நேரத்துக்கும் அவங்க நேரத்துக்கும் ரெண்டே கால் மணி நேர வித்தியாசம். அம்மையும் அப்பனும் நின்ன இடத்தை வெச்சு ஒரு நாடே மணி பார்க்குது.

வெள்ளையா தெரிஞ்ச உடனே "கைலாசம்! கைலாசம்!"னு கத்தாதீங்க. கைலாசம் காட்மாண்டுவிலிருந்து வடமேற்கே 500 கிலோமீட்டருக்கும் மேல. இந்த வழியில தெரியாது.

காட்மாண்டுவிலிருந்து போக்கரா போற சின்ன விமானம் அரை மணி நேரம்தான். மேற்கே பறக்கும், அதனால போகும்போது மறுபடியும் வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். நாங்க போனதுல இருக்கை எண் தரல, முந்தி ஏறினவங்களுக்கு முந்தி. அந்த விமானத்துல பின்பக்கக் கதவு வழியா ஏறணும், இறக்கை தலைக்கு மேல இருக்கும். அதனால முன்னால ஓடாதீங்க. ஏறின உடனே பின்வரிசையில வலப்பக்கம் உட்கார்ந்தாலே போதும். அங்கே முதல்ல வர்ற பெரிய மலைகளில் ஒண்ணு கணேஷ் ஹிமால், 7,400 மீட்டருக்கு மேல. ஆமா, நம்ம பிள்ளையார் பேருதான். பிள்ளையாரைக் கும்பிட்டுட்டுத்தான் மற்றதெல்லாம்: மனாஸ்லு, அன்னபூர்ணா, மீன் வால் மாதிரி பிளந்து நிக்கிற மச்சாபுச்சாரே. அந்த மீன்வால் மலை சிவனுக்குரியதுன்னு அதுல ஏற யாருக்கும் அனுமதி இல்லை.

போக்கராவிலிருந்து ஜோம்சோம் இருபது நிமிஷம். காலையில மட்டும்தான் பறக்கும், வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்குல காத்து பலமா அடிக்கும். அந்தப் பயணத்துல சீட்டுச் சண்டையே வேணாம். வலப்பக்கம் அன்னபூர்ணா, நீலகிரி. இடப்பக்கம் தவளகிரி, 8,167 மீட்டர். ரெண்டு பக்கமும் அவரு வீடுதான்.

இனி, எந்த சீட்டு நல்ல சீட்டுங்கறது ஒரு கேள்வி. அது யாருக்குங்கறது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு நான் எழுதினது ஒரு பக்கம். ரெண்டாவது கேள்விக்காகத்தான் எனக்கும் சில பேருக்கும் மனஸ்தாபமே வந்துச்சு.

கோவிட் முடிஞ்சு 2022 நவம்பர்ல ரெண்டாவது யாத்திரை போனோம். இந்தத் தடவை இருக்கையை முன்கூட்டியே பணம் கட்டி எடுத்துட்டு, நானே ஒரு தாள்ல வரைஞ்சு ஆலய அலுவலகத்துல ஒட்டினேன். வலப்பக்கம், இறக்கைக்கு முன்னாலயும் நல்லா பின்னாலயுமா ஒன்பது சன்னல். எழுபது வயசைத் தாண்டினவங்களுக்கு முதல்ல. இனிமே வர முடியாதுன்னு தெரிஞ்சவங்களுக்கு அடுத்து. மிச்சம் இருந்தா பிள்ளைகளுக்கு.

பேருந்துச் செலவுல பெரும்பகுதி உபயம் குடுத்த ஒருத்தர் நேரா வந்தாரு. குடும்பத்துல நாலு பேரு, நாலும் சன்னலோரம் வேணும்னாரு. கேட்டதுல தப்பில்லை. அவரு குடுக்கலைன்னா அந்த யாத்திரையே நடந்திருக்காது. ஆனா என்னால முடியல. ஒண்ணு தர்றேன், பிள்ளை உட்காரட்டும்னேன். முகம் சுருங்கிடுச்சு. கட்டணத்தைத் தாண்டி நான் என்ன செஞ்சேன்னு உனக்குத் தெரியுமான்னு கேட்டாரு. தெரியும்ணே, தெரிஞ்சுதான் சொல்றேன்னேன். ரெண்டு மாசம் பேசல. போன தீபாவளிக்குப் பார்த்தப்போ சிரிச்சாரு. முழுசா இல்லை, பாதிதான். அதுவும் போதும்.

இன்னொரு கேள்வியை நிர்வாகத்துல ஒரு பெரியவர் கேட்டாரு. "சாமி கும்பிடப் போறோமா, சன்னல் வழியா வேடிக்கை பார்க்கப் போறோமா? சாமி உள்ளே இருக்காரு, எந்த சீட்டுல உட்கார்ந்தா என்ன?"

நியாயமான கேள்விதான். நானும் யோசிச்சேன். பெரியபுராணம் படிச்சவங்களுக்குத் தெரியும். ஞானசம்பந்தப் பெருமான் காளத்தி வரைக்கும் போனாரு. அதுக்கு வடக்கே இருக்கிற கயிலாயத்தையும் கேதாரத்தையும் மற்ற தலங்களையும் அங்கே இருந்தபடியே பாடினாரு. போகல. பார்த்தா, போறது மட்டும்தான் தரிசனம்னு இல்லை. எல்லாராலயும் மேலே ஏற முடியாது. முட்டி விடாது, மூச்சு விடாது, மருத்துவர் விடமாட்டாரு. அப்படிப்பட்டவங்களுக்கு அந்தச் சின்னச் சன்னல்தான் சன்னதி. நம்ம ஆலயத்துல சன்னதிக்கு முன்னால கூட்டமா இருந்தா, உயரமா இருக்கிறவங்க கொஞ்சம் விலகி நின்னு பாட்டிமாருக்கு வழி விடறோமில்லையா? அதேதான் இது. முக்திநாத் திருமங்கையாழ்வார் பாடின திவ்யதேசம். கால் நல்லா இருக்கிறவங்க நடந்து போய் அந்த 108 தாரையில நனைஞ்சுட்டு வாங்க. சன்னலை மத்தவங்களுக்கு விடுங்க.

அந்த ரெண்டாவது பயணத்துல லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு தாத்தா இருந்தாரு. எழுபத்தெட்டு வயசு. அவருக்குச் சன்னல் குடுத்தேன், வேணாம்னுட்டாரு. அடிக்கடி கழிவறைக்குப் போகணும், நடைபாதை ஓரம்தான் வசதின்னாரு. இதையும் கவனிங்க, பெரியவங்கன்னாலே சன்னல்ல திணிச்சிடக் கூடாது, கேட்டுட்டுத்தான் குடுக்கணும். அவரை வலப்பக்கமே நடைபாதை ஓரம் வெச்சேன். சன்னல்ல ஒரு சின்னப் பொண்ணு, நடுவுல அவ அம்மா. மலை தெரிஞ்சதும் அம்மாவும் பொண்ணும் முதுகை இருக்கையோட ஒட்டிச் சாய்ஞ்சு வழி விட்டாங்க. தாத்தா எட்டிப் பார்த்தாரு. அப்புறம் குனிஞ்சு என்னமோ பண்ணிக்கிட்டு இருந்தாரு. உடம்புக்கு என்னமோன்னு பயந்து போய்ப் பார்த்தேன். சப்பாத்தைக் கழட்டிக்கிட்டு இருந்தாரு. ரெண்டு சப்பாத்தையும் காலுறையையும் கழட்டி இருக்கைக்கு அடியில தள்ளிட்டு, வெறுங்காலோட கை கூப்பி உட்கார்ந்தாரு. அந்தச் சின்னப் பொண்ணும் பார்த்துட்டுத் தன் சப்பாத்தைக் கழட்டிடுச்சு.

காட்மாண்டுவில் எங்களுக்கு வழிகாட்டியா வந்த நேபாளித் தம்பிகிட்ட, பழைய படத்தைக் காட்டினேன். அதான், பாதி இறக்கையும் மூலையில மலையும் இருக்கிற படம். இது எந்த மலைன்னு சொல்ல முடியுமான்னு கேட்டேன். விரலால பெரிசாக்கிப் பார்த்தாரு. ரெட்டைத் தலையைக் காட்டி, "கௌரிசங்கர்"னாரு.

பாட்டி குங்குமம் வெச்ச இடம் அம்மையும் அப்பனும்தான். கைலாசம் இல்லைதான், ஆனா அவங்க சொன்னதுல ஒண்ணும் தப்பில்லை. பேத்திகிட்ட உடனே போன் பண்ணிச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்ப விளக்கை நிறுத்த வேணாம்ணே"ன்னு மட்டும் சொல்லுச்சு.

இதனால நான் பண்ணினது சரியாயிடாது. அதை நான் தெளிவாவே சொல்லிக்கிறேன்.

இப்போ வரப்போற யாத்திரைக்கு நீங்க செய்ய வேண்டியது:

தனித்தனியா இணையத்துல போய் சீட்டு எடுக்காதீங்க. குழுவா எடுத்திருக்கோம், நான் பிரிக்கிறேன்.

ஆலய அலுவலகத்துல இருக்கிற தாள்ல பேரு, வயசு, முட்டி வலி உண்டா, அடிக்கடி எழுந்து போகணுமா, இதுக்கு முன்னால மலையைப் பார்த்திருக்கீங்களா, இந்த அஞ்சையும் எழுதிடுங்க. இது உங்களுக்குக் கடைசி வாய்ப்பான்னு நான் கேட்கமாட்டேன். பார்த்து நானே புரிஞ்சுக்குவேன்.

சன்னல் கிடைச்சவங்க பக்கத்துல இருக்கிறவங்களோட பங்கு போட்டுக்குங்க. காஞ்சன்ஜங்கா ஒருத்தருக்கு, கௌரிசங்கர் இன்னொருத்தருக்கு. இடம் மாறுறதை இருக்கை வார் விளக்கு எரியறதுக்கு முன்னால முடிச்சிடுங்க. எரிஞ்சப்புறம் எழுந்திருக்கக் கூடாது, பணிப்பெண்களைச் சங்கடப்படுத்தக் கூடாது. மாற முடியலைன்னா தாத்தா பக்கத்துல இருந்தவங்க செஞ்ச மாதிரி, முதுகைச் சாய்ச்சு வழி விடுங்க. அதுக்கு யாரோட அனுமதியும் வேணாம்.

படம் எடுக்கிறவங்க ஒளிவிளக்கை அணைச்சுட்டு, கைப்பேசியைக் கண்ணாடிகிட்ட வெச்சு நாலு படம் எடுத்துட்டு, கீழே வெச்சிடுங்க. மீதி நேரம் கண்ணால பாருங்க, இல்லை பக்கத்துல இருக்கிறவங்களைப் பார்க்க விடுங்க.

எனக்கு இந்தத் தடவையும் இடப்பக்கம், நடைபாதை ஓரம். யாராவது "தம்பி, தெரியுதா?"ன்னு கேட்டா, எழுந்து வந்து கூட்டிட்டுப் போறதுக்கு அதுதான் வசதியான சீட்டு.

திருச்சிற்றம்பலம்.

உங்கள் ஆலயத் தொண்டன்